கிணற்றைச் சுற்றித் தேடிய மாலை

2025 பிப்ரவரியில், தைப்பூசம் கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தபோது, சேரன்மகாதேவியிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது. "ஐயா, ஒரு கல்லு பூமியில வந்து விழப்போவுதுன்னு சொல்லுதாங்களே, போன வாரம் நூத்துக்கு ரெண்டுன்னாங்க, இப்ப மூணுங்காங்க. கிட்ட வந்துட்டோ?" அத்தைக்கு யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார்கள். பசிபிக் கடலின் கிழக்குப் பகுதியில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை ஒரு சிவப்புப் பட்டை அதில் நீண்டு கிடந்தது. அந்தப் பட்டை நம் நாட்டைத் தொட்டதுதான் அவருடைய கலக்கத்துக்குக் காரணம்.

அவர் கேட்டது 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைப் பற்றி. ஏறத்தாழ 60 மீட்டர் குறுக்களவுள்ள அந்தக் கல், 2024 டிசம்பர் 25 அன்று பூமியை எட்டு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் கடந்து சென்றது. அது கடந்து இரண்டு நாள் ஆன பிறகே சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது. ஆகவே அத்தை அழைத்த அந்த மாலையில் கல் நம்மை நெருங்கிக்கொண்டிருக்கவில்லை. நாள்தோறும் நம்மை விட்டு விலகி மங்கிக்கொண்டிருந்தது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியின்மேல் மோதும் வாய்ப்பு ஜனவரி கடைசியில் ஒரு சதவீதத்தைத் தாண்டி, பிப்ரவரி 18 வாக்கில் 3.1 சதவீதமாக உயர்ந்தது. விலகிப் போகும் கல்லின் ஆபத்து எப்படிக் கூடும் என்பதை அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, எனக்கு ஆச்சியின் திருகாணி நினைவுக்கு வந்தது. அத்தைக்கும் அது மறந்திருக்க வாய்ப்பில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த காலம். ஊர் வீட்டின் புறவாசலில் ஆச்சியின் கம்மல் திருகாணி ஒரு மாலையில் கழன்று விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று ஆச்சிக்குத் தெரியவில்லை. அடுப்படி நடைக்கும் தொழுவத்துக்கும் இடையில் எங்கோ என்பது மட்டும் உறுதி. அந்த இடத்தின் நடுவே, கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்திருந்த கிணறு ஒன்று இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, மண்ணைக் கையால் தடவிக்கொண்டே முன்னேறினோம். தொடங்கும்போது ஆச்சி நிதானமாகத்தான் இருந்தார்கள். கிணற்று வாய் அந்தப் புறவாசலில் இருபதில் ஒரு பங்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், திருகாணி கிணற்றுக்குள் போயிருக்க வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. பாதி இடம் தேடி முடித்து, அங்கே இல்லை என்று ஆனதும் அதே வாய்ப்பு நூற்றுக்குப் பத்தாகிவிட்டது. முக்கால் பங்கு முடிந்தபோது இருபது. ஒவ்வொரு முழ இடமாக நாங்கள் தேடி ஒதுக்க ஒதுக்க ஆச்சியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. "கெணத்துக்குள்ளதான் போயிருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். அப்போது பாவாடை தாவணியில் இருந்த அத்தைதான், துவைகல்லின் அடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். அந்த நொடியில் கிணற்றின் வாய்ப்பு இருபதிலிருந்து சுழியத்துக்கு விழுந்தது. அவ்வளவு நேரமும் திருகாணி கிடந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. மாறியதெல்லாம் அது இருக்கக்கூடும் என்று நாங்கள் எண்ணிய இடத்தின் அளவுதான்.

பூமிதான் அந்தக் கிணறு. 2032 டிசம்பர் 22 அன்று அந்தக் கல் இருக்கக்கூடிய இடப்பரப்பு, தொடக்கத்தில் பூமியைப் போலப் பல மடங்கு நீளமான ஒரு கோடாகக் கிடந்தது. ஒவ்வொரு இரவின் அளவீடும் அந்தக் கோட்டின் இரு முனைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டியது. வெட்டி மிஞ்சிய பகுதிக்குள் பூமி இருந்தவரை, மிஞ்சியதில் பூமியின் பங்கு கூடிக்கொண்டே வந்தது. நடுவில் தைப்பூசத்து முழுநிலவு வந்து வானம் வெளுத்துக் கிடந்ததால், மங்கலான அந்தக் கல்லைச் சில இரவுகள் அளப்பது கடினமாயிற்று. நிலவு தேய்ந்த பின் வந்த அளவீடுகள் கோட்டைப் பூமிக்கு அப்பால் நகர்த்தின. பிப்ரவரி 24-க்குள் வாய்ப்பு 0.004 சதவீதமாகக் குறைந்துவிட்டது. திருகாணி துவைகல்லடியில் கிடைத்துவிட்டது.

அந்த வாரம் ஒரு தொலைக்காட்சியில், விஞ்ஞானிகள் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள் என்று சொன்னதைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. திருத்துவதற்கு அங்கே தவறு எதுவும் இல்லை. 3.1 என்பது அன்றைய அளவீடுகளுக்குச் சரியான விடை, 0.004 என்பது அடுத்த வாரத்து அளவீடுகளுக்குச் சரியான விடை. ஓர் அளவைச் சொல்லும்போது அது எவ்வளவு பிசகக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்வது அளப்பவருடைய வேலையில் சரிபாதி என்று நான் நம்புகிறேன், பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாக இயற்பியல் வகுப்பில் அதைத்தான் சொல்லிவருகிறேன். சிறுகோள்களின் பாதைக் கணக்கைப் போல அந்தச் சரிபாதி வேலையைப் பழுதில்லாமல் செய்யும் துறை வேறொன்றை நான் அறியேன்.

நிச்சயமின்மை எங்கே பிறக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க எங்களுக்கு ஒரு வாய்ப்பு அமைந்தது. மாணவர்களும் ஆர்வலர்களும் பங்கேற்கும் சர்வதேசச் சிறுகோள் தேடல் முகாம்களில் எங்கள் மாணவர்களும் சேர்ந்திருந்தார்கள். ஹவாய்த் தீவுக்கூட்டத்திலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்கள், ஒரே வானத்துண்டைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்களாக வரும். அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டினால், விண்மீன்கள் நிலையாக நிற்க, ஒரு மங்கல் புள்ளி மட்டும் அடியெடுத்து வைப்பது போல நகரும். அருகில் பெருக்கிப் பார்த்தால் அது புள்ளியே அல்ல. சாம்பல் நிறக் கட்டங்கள் சில, நடுவில் கொஞ்சம் வெளுப்பாகவும் ஓரங்களில் பின்னணியின் புள்ளிச் சிதறலோடு கலந்தும் கிடக்கும். ஒரு கட்டத்தின் அகலம் வானத்தில் ஏறக்குறைய கால் விகலை. பாகையை அறுபதால் வகுத்தால் கலை, கலையை அறுபதால் வகுத்தால் விகலை என்பது பஞ்சாங்கம் புரட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள பழைய ஒரு ரூபாய் நாணயத்தை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் ஒரு விகலை. பாளையங்கோட்டையில் நின்றுகொண்டு நெல்லையப்பர் கோபுரத்தில் ஒட்டிய நாணயத்தைப் பார்ப்பது போன்றது அது. அந்த ஒரு விகலையே, கல் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவான 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், 725 கிலோமீட்டர் ஆகிவிடும்.

ஒருநாள் ஒரு மாணவி நான்கு படங்களிலும் அந்த வெளுப்பின் நடுவைக் குறித்து முடித்தாள். நான்கு இடங்களையும் ஒரே கோட்டில் பொருத்திப் பார்த்தபோது, மூன்று இடங்கள் கோட்டிலிருந்து பத்தில் ஒன்றிரண்டு விகலைக்குள் நின்றன. மூன்றாவது படத்தின் இடம் மட்டும் முக்கால் விகலைக்கு மேல் விலகி நின்றது. அதை நீக்கிவிடலாமா என்று கேட்டாள். நீக்குவதற்கு முன் காரணத்தைத் தேடச் சொன்னேன். படத்தைப் பெருக்கியபோது, கல் அந்த நிமிடத்தில் ஒரு மங்கலான விண்மீனை உரசிக்கொண்டு போனதும், இரண்டின் ஒளியும் கலந்து நடுப்புள்ளியை ஒரு பக்கம் இழுத்திருந்ததும் தெரிந்தது. காரணம் தெரிந்ததால் அதைக் குறிப்பெழுதி ஒதுக்கினோம். காரணம் தெரியாமல், பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கியிருந்தால், எஞ்சிய மூன்றும் உண்மையைவிட நேர்த்தியாகத் தோன்றியிருக்கும். பாதைக் கணக்கில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் அதன் பிழையின் அளவைப் பொறுத்தே எடை கொடுக்கப்படுகிறது. பிழை பாதியானால் எடை நான்கு மடங்கு. எனவே பிழை குறைவு என்று பொய்யாகச் சொல்லிக்கொள்ளும் நேர்த்தியான அளவீடு, பிழையை ஒப்புக்கொண்டு வரும் மோசமான அளவீட்டைவிடக் கெடுதலானது. அது மொத்தப் பாதையையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

ஒரு பாதையை வரைய ஆறு எண்கள் வேண்டும். ஒவ்வொரு நோக்கும் தருவது இரண்டே எண்கள்தான்: கிழக்கு மேற்காக ஒன்று, வடக்கு தெற்காக ஒன்று. தொலைவு கிடைப்பதில்லை. அருகில் மெதுவாகப் போகும் கல்லும், தூரத்தில் வேகமாகப் போகும் கல்லும் ஓரிரு இரவுகளுக்கு ஒன்றுபோலவே தோன்றும். 1801 ஜனவரி முதல் தேதி இத்தாலியின் பலெர்மோ நகரில் வானியலாளர் பியாட்சி கண்டெடுத்த சீரிஸ் என்ற சிறுகோள், 41 நாட்களில் சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்துபோக, அதை எங்கே தேடுவது என்று தெரியாமல் ஐரோப்பா திகைத்தபோது, 24 வயது ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் கணக்குப் போட்டுச் சொன்ன பகுதியில் அந்த ஆண்டின் கடைசி நாளில் அது திரும்பக் கிடைத்தது. பிழைகளின் இருமடிகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகச் சிறிதாகும் பாதையைத் தேடும் முறையை அவர் 1809-இல் நூலாக வெளியிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் அதை அச்சிட்டிருந்தார். இன்றும் அடிப்படை அதுதான்.

அந்த ஆறு எண்களிலும் பிழை உண்டு. அந்தப் பிழைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஆறுக்கு ஆறு என்ற கட்டங்களில் அவற்றை எழுதினால் 21 வெவ்வேறு எண்கள் கிடைக்கும். கல்லின் பாதையை விளக்க ஆறு எண்கள் போதும், நம் அறியாமையை விளக்க இருபத்தொன்று தேவைப்படுகிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த இருபத்தொன்றில் காலம் போகப் போக ஓங்கி நிற்பது, பாதையின் அளவைச் சொல்லும் அரை நெட்டச்சின் பிழை. பூமியைப் போன்ற பாதையில் செல்லும் ஒரு கல்லின் அரை நெட்டச்சில் 1,000 கிலோமீட்டர் தெரியாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது சூரியனைச் சுற்றிவரும் காலத்தில் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம் நமக்குத் தெரியவில்லை என்று பொருள். நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கல், அந்த ஐந்து நிமிடச் சொச்சத்தில் 9,400 கிலோமீட்டர் போய்விடும். ஒரு சுற்றுக்கு 9,400 என்றால், பத்துச் சுற்றுக்கு 94,000 கிலோமீட்டர். அது பூமியின் குறுக்களவைப் போல ஏழு மடங்குக்கு மேல். ஆனால் இவ்வளவும் பாதையின் நீளவாக்கில் மட்டுமே வளரும். குறுக்குவாக்கில் பிழை பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே கல் இருக்கக்கூடிய இடப்பரப்பு, ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் நீட்டிப் போட்ட தேர்வடம் போலக் கிடக்கிறது. வடத்தின் பருமனில் நமக்கு ஐயம் குறைவு. அதன் நீளத்தில் எந்த இடத்தில் கல் இருக்கிறது என்பதே கேள்வி. அத்தைக்கு வந்த வரைபடத்தின் சிவப்புப் பட்டை, அந்த வடம் பூமியின்மேல் கிடந்தால் அது தொடும் இடங்களின் தடம்தான்.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜிலுள்ள சிறுகோள் மையம், இந்த நீளவாக்குப் பிழைக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் இடுகிறது. பத்தாண்டுகளில் ஒரு விகலைக்குள் பிசகும் பாதைக்கு 0. 41 பாகைக்கு மேல் பிசகுவதற்கு 9. வானத்தில் 41 பாகை பிசகும் பொருளைத் தொலைந்துபோனது என்றே சொல்லவேண்டும்.

மதிப்பெண்ணைக் கீழே இறக்குவதற்குக் கருவியின் கூர்மையைவிடக் காலத்தின் நீளமே பெரிதும் உதவுகிறது. சென்னை வானாய்வகத்திலிருந்து வானியலாளர் போக்ஸன் 1861 ஏப்ரலில் கண்டுபிடித்த 67 ஏஷியா, ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள். அவர் கண்ணால் பார்த்து அளந்ததன் பிழை இன்றைய படக்கருவியின் பிழையைவிடப் பல மடங்கு பெரிது. ஆனாலும் 160 ஆண்டுகளுக்கு மேலாக அளவீடுகள் தொடரும் பாதையில், ஒரு சுற்றில் தெரியாத நொடிகள் பல சுற்றுகளில் கூடி வெளிப்பட்டுத் தாமாகவே பிடிபட்டுவிடுகின்றன. பிழையைப் பெருக்கும் அதே காலம்தான் அதைக் கண்டுபிடித்தும் கொடுக்கிறது. போக்ஸனின் கடைசிச் சிறுகோளுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தியாவிலிருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படாமல் இருந்து, 1988 பிப்ரவரியில் காவலூர் வானாய்வகத்தில் இராஜமோகன் குழுவினர் கண்ட கல்லுக்கு 4130 ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அந்த இடைவெளியை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இதுவரை சொன்ன பிழைகள் எல்லாம் அப்படியும் இப்படியுமாகச் சிதறுபவை. அளவீடுகள் கூடக் கூட அவை ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும். எல்லா அளவீட்டிலும் ஒரே பக்கமாகச் சாயும் பிழை அப்படித் தேயாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நில அளவராக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா. நூறு கண்ணிகள் கொண்ட 66 அடிச் சங்கிலியை வயலில் இழுத்து இழுத்து, கண்ணிகளை இணைக்கும் வளையங்கள் தேய்ந்து, சங்கிலி நாளடைவில் நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் ஒரே வரப்பைப் பத்து முறை அளந்தாலும் பத்து முறையும் ஒரே தவறான அளவுதான் வரும். பத்தும் ஒத்துப்போவதால் அளப்பவருக்கு நம்பிக்கை மட்டும் கூடும். மாமா வேலைக்குப் போகுமுன் சங்கிலியைக் கல்லில் குறித்த அளவோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். வானத்தில் அந்தச் சங்கிலி விண்மீன் பட்டியல்தான். சிறுகோளின் இடத்தை அருகிலுள்ள விண்மீன்களைக் கொண்டே அளக்கிறோம். பட்டியலில் அந்த விண்மீன்கள் ஒரு பக்கமாகத் தள்ளி எழுதப்பட்டிருந்தால், உலகமெங்கும் அந்தப் பட்டியலைக் கொண்டு அளந்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோலத் தவறியிருப்பார்கள். பழைய பட்டியல்களில் இத்தகைய சாய்வுகள் இருந்தது உண்மை. 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா விண்கலம் விண்மீன்களின் இடங்களை விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் அதைவிட நுட்பமாகவும் அளந்து கொடுத்த பிறகு, பழைய அளவீடுகளின் சாய்வைக் கணக்கிட்டுக் கழிக்க முடிகிறது. சங்கிலியைக் கல்லோடு வைத்துப் பார்த்தாயிற்று.

வெயில் தரும் பிழை ஒன்றும் உண்டு. கோயில் பிராகாரத்துக் கல்தரை உச்சிவேளையில் சுடுவதைவிடப் பிற்பகலில் அதிகம் சுடும். வாங்கிய வெப்பத்தைக் கல் தாமதித்தே வெளியே விடுகிறது. சுழலும் சிறுகோளிலும் இதுவே நடக்கிறது. தாமதித்து வெளியேறும் வெப்பம் ஒரு பக்கமாகப் போவதால், கல்லை மிக மெல்லத் தள்ளுகிறது. யார்க்கோவ்ஸ்கி விளைவு என்று இதற்குப் பெயர். 2018 முதல் 2021 வரை பென்னு என்ற சிறுகோளுடன் இருந்த ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் உதவியால், பென்னுவின் அரை நெட்டச்சு ஆண்டுக்கு 284 மீட்டர் சுருங்குகிறது என்று அளந்திருக்கிறார்கள். 284 மீட்டர் என்றால் ஒரு தெருவின் நீளம். அதையும் கணக்கில் சேர்த்த பிறகே, 2182 செப்டம்பர் 24 அன்று பென்னு மோதும் வாய்ப்பு 2,700-இல் ஒன்று என்று சொல்ல முடிந்தது.

இவ்வளவையும் தொலைபேசியில் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து மாலை முழுவதும் பேசினோம். வேறு கல் ஏதும் வருகிறதா என்று அத்தை கேட்டார். அபோஃபிஸைச் சொன்னேன். 2004 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கல்லுக்கு, அந்த ஆண்டு டிசம்பரில், 2029-இல் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் என்று கணக்கு வந்தது. பிறகு, கண்டுபிடிப்புக்கு மூன்று மாதம் முன்பே எடுத்து யாரும் கவனிக்காமல் விட்ட படங்களில் அதே கல் இருந்தது தெரியவந்து, வடம் சட்டென்று சுருங்கி, 2029-இன் அச்சம் நீங்கியது. ஆனால் 2029-இல் அது அருகே கடந்துபோகும் அன்று பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை வளைக்கும்போது, அன்றைய சில கிலோமீட்டர் ஐயம் பின்வரும் ஆண்டுகளில் பெரும் ஐயமாகப் பெருகும் என்பதால் கவலை முழுவதும் தீரவில்லை. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் ரேடார், 1.7 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அதன் தொலைவை ஏறத்தாழ 150 மீட்டர் பிழைக்குள் அளந்தது. தொலைநோக்கிக்குத் தெரியாத தொலைவுதான் ரேடாருக்கு நன்றாகத் தெரியும். 2029-இல் அது இருக்கக்கூடிய இடத்தின் பிழை நூற்றுக்கணக்கான கிலோமீட்டரிலிருந்து கைவிரல் விட்டு எண்ணும் கிலோமீட்டர்களாகக் குறைந்தது. இன்னும் நூறு ஆண்டுகளுக்காவது அது பூமியில் மோதாது என்று அறிவிக்கவும் முடிந்தது.

பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3 மணி 16 நிமிடத்துக்கு அது கடந்து போகும் என்றேன். அத்தை சற்று யோசித்தார்.

"சித்திரை விசுவுல்லா அன்னைக்கு? கனி காண எந்திரிக்கிற நேரந்தான்" என்றவர், பிறகு கேட்டார்: "எவ்வளவு பிசகும்?"

ஒரு நிமிடம்கூடப் பிசகாது என்றேன். உள்ளே போய்த் தினசரிக் காலண்டரின் அட்டையில் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டார்.